கிராம சபை: நோட்டில் ஏறினால்தான் கணக்கு

ரேஷன் கடையில் சந்தேகம் வந்தால் தராசைப் பார்க்கிறோம். கிராம சபையை எடைபோட எதைப் பார்ப்பது? கூட்டம் எவ்வளவு வந்தது, கலெக்டர் வந்தாரா, பந்தல் எப்படி, காரசாரமாக நடந்ததா என்று பேசுவார்கள். இவற்றில் எதை வைத்தும் அந்தக் கூட்டம் நல்ல கூட்டமா என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது தலைவர் மேசையில் இருக்கும் தீர்மானப் பதிவேட்டை மட்டும்தான். ஊரில் மினிட் நோட்டு என்பார்கள். பேசியது அதில் ஏறியதா, எப்போது ஏறியது, என்ன வார்த்தையில் ஏறியது என்று பார்த்தால் மொத்தச் சேவையின் தரமும் தெரிந்துவிடும்.

முதலில் சேவை என்ன என்பது. தமிழ்நாட்டில் 12,500-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராம சபை. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். சந்தா கிடையாது, யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, யாரும் நீக்கவும் முடியாது. முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள் கூடியது. 2022-இல் மார்ச் 22 (உலக தண்ணீர் தினம்), நவம்பர் 1 (உள்ளாட்சி தினம்) இரண்டும் சேர்ந்து ஆறு ஆனது.

ஆறு நாளும் ஒரே தரம் என்று நினைக்க வேண்டாம். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 இரண்டிலும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு கூட்டம். ஆள் வரும், பொறுமை இருக்காது. மார்ச் 22 தண்ணீர்ப் பேச்சு. நவம்பர் 1-இல் தூய்மைக் காவலர்களுக்கும் நல்ல பணியாளர்களுக்கும் சால்வை போடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். அது போட வேண்டிய சால்வைதான் என்றாலும் கேள்வி கேட்க நேரம் குறையும். ஆண்டுக்கு ஒரு நாள்தான் வேலையை விட்டு வர முடியும் என்பவர் மே 1-ஐத் தேர்ந்தெடுக்கலாம். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிந்திருக்கும், முழு ஆண்டின் வரவு செலவு அன்று சபைக்கு வரும். இரண்டு நாள் முடியும் என்றால் அடுத்தது அக்டோபர் 2. அடுத்த ஆண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தின் வேலை அந்த நாளை ஒட்டித்தான் தொடங்கும். உங்கள் தெரு வடிகால் அன்று பட்டியலில் ஏறவில்லை என்றால், அடுத்த ஆண்டு மே மாதம் போய்ச் சத்தம் போட்டு என்ன பயன்?

அறிவிப்பு விஷயத்தில் இந்தச் சேவைக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண்தான் போட முடியும். ஏழு நாள் முன்பே ஊருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது முறை. 2022-இல் தண்டோரா போடுவதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒரு குறிப்பிட்ட சாதியாரின் தலையில் கட்டிய வேலை அது, நிறுத்தியது சரி. அதற்குப் பதில் வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னார்கள். நடப்பில் பல ஊர்களில் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு தாள், வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம், அவ்வளவோடு முடிகிறது. தாளை ஒட்டிய நாள் அதில் இருக்காது. அறிவிப்பைப் பார்த்ததும் தேதி தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் மனு எழுத நேர்ந்தால் அதுதான் முதல் இணைப்பு.

இடம் அதைவிட முக்கியம். கூட்டத்தைக் குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், மதச்சார்புள்ள வளாகங்களில் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கையில் வருகிறது. இதைக் காகித நடைமுறை என்று ஒதுக்கிவிடக் கூடாது. கூட்டம் எந்தத் தெருவில் என்பதே யார் வருவார்கள் என்பதை முடிவு செய்துவிடுகிறது. ஊர்த்தெருவுக்குள் நடந்தால் காலனியிலிருந்து வருபவர் ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார். காலனியில் நடந்தால் ஊர்த்தெருக்காரர் தலையையே காட்ட மாட்டார். மதுரை மாவட்டம் பாப்பாபட்டி, தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட காரணத்தால் 1996-லிருந்து பத்தாண்டுகள் முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல் கிடந்த ஊர். 2006-இல்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கிராம சபைக்குப் போய் உட்கார்ந்ததும் அதே பாப்பாபட்டியில்தான். எனவே கடந்த நான்கைந்து கூட்டங்களும் எங்கெங்கே நடந்தன என்று நோட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தால், சுழற்சி கேட்டு மனு கொடுக்க அதுவே போதுமான காரணம்.

அடுத்தது குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100, 3,001 முதல் 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எண் பெரிதுதான். அதை நிரப்ப ஊர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி எல்லாருக்கும் தெரிந்தது: நூறு நாள் வேலைக்காரர்களைக் கூட்டி வந்து உட்காரவைப்பது. வருகைப் பதிவேடு முதலிலேயே கைமாறும். கையெழுத்து, கைரேகை, அடுத்த பக்கம். அரை மணியில் எண்ணிக்கை சேர்ந்ததும் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுவார்கள். போட்டோ ஏறியதும் பாதிப் பந்தல் காலி. வந்த பெண்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'கையெழுத்துப் போட வாங்க' என்றுதான் அவர்களை அழைத்திருப்பார்கள், பேச வாருங்கள் என்று யாரும் சொன்னதில்லை.

இனி நோட்டு. இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்தே பார்ப்போம்.

நல்ல ஊராட்சியின் தீர்மானப் பதிவேட்டில் பக்கங்களுக்கு அச்சிட்ட எண் இருக்கும். கூட்டத்தின் தேதி, இடம், தலைமை வகித்தவர், அரசு அனுப்பிய பற்றாளரின் பெயரும் பதவியும், வந்தவர் எண்ணிக்கை எல்லாம் மேலே. அதன் கீழ் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், விவாதச் சுருக்கம், தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர். கடைசி வரிக்கும் தலைவர் கையெழுத்துக்கும் நடுவே இடைவெளி இருக்காது. மோசமான நோட்டில் கையெழுத்துகள் மட்டும் அன்றைக்கே வரிசையாக நிற்கும். முன்னால் நாலு பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். அடுத்த வாரம் ஊராட்சி செயலர் மேலிருந்து வந்த பொதுப் பொருள் பட்டியலைப் பார்த்து அந்த நாலு பக்கத்தையும் நிரப்புவார். நீங்கள் கேட்ட கேள்வி அதில் இருக்காது. 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்பது மட்டும் ஒவ்வொரு பொருளின் கீழும் தவறாமல் இருக்கும்.

செயலர்கள் எல்லாருமே திருடர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே ஆள் வரி வசூலிக்க வேண்டும், தண்ணீர்ப் புகாருக்கு ஓட வேண்டும், கூட்டத்தில் மைக் கட்ட வேண்டும், போட்டோ ஏற்ற வேண்டும், நோட்டும் எழுத வேண்டும். எழுதுவது கடைசிக்குத் தள்ளிப்போவது இயல்பு. அதனால்தான் அதைச் சபையே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கேட்க வேண்டிய வாக்கியம் சின்னது: 'ஒவ்வொரு தீர்மானத்தையும் எழுதி, வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போங்கள்.' முதல் பொருளிலேயே கேளுங்கள். ஏழாம் பொருளில் கேட்டால் 'முதல்லயே சொல்லியிருக்கலாமே' என்பார்கள், அதுவும் நியாயம்தான்.

வார்த்தையிலும் கண் வேண்டும். 'விவாதிக்கப்பட்டது' என்றால் பேசினோம், அவ்வளவுதான். 'பரிசீலிக்கலாம் என முடிவு செய்யப்பட்டது' என்றால் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று மரியாதையாகச் சொல்வது. 'பரிந்துரைக்கப்படுகிறது' என்றால் வேலை வேறு அலுவலகத்துடையது, தபால் மட்டும் இங்கிருந்து போகும். 'தீர்மானிக்கப்பட்டது' என்பதுதான் ஊராட்சியைக் கட்டுப்படுத்தும் சொல். அதுவும் என்ன, எங்கே, எதற்குள், யார் பொறுப்பு, எந்த நிதி என்ற ஐந்தும் சேர்ந்து வந்தால்தான். 'வடக்குத் தெருவில் குடிநீர் வசதி மேம்படுத்தத் தீர்மானிக்கப்பட்டது' என்ற தீர்மானத்தைப் பத்து வருடம் நிறைவேற்றாமலே வைத்திருக்கலாம். 'வடக்குத் தெரு மேல்நிலைத் தொட்டியிலிருந்து பள்ளிக்கூடம் வரை பழுதான குழாயை 15 நாளுக்குள் மாற்றுவது, செலவு பொது நிதி, பொறுப்பு ஊராட்சி செயலர்' என்று எழுதினால் பதினாறாம் நாள் கேள்வி கேட்கலாம்.

'ஏகமனதாக' என்ற சொல் எதிர்ப்பு இருந்த இடத்திலும் பழக்கத்தில் விழுந்துவிடும். எதிர்த்தவர்கள் கைதூக்கி எண்ணச் சொல்ல வேண்டும், எண்ணிக்கையை எழுதவும் சொல்ல வேண்டும். பற்றாளருக்கோ மற்ற அலுவலர்களுக்கோ வாக்கு கிடையாது. பற்றாளரின் வேலை பார்ப்பதும் அறிக்கை கொடுப்பதும். ஆகவே எதிர்ப்பு பதிவாகவில்லை என்றால் அவரிடமே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடலாம். வாங்க மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) அனுப்புங்கள். ஒன்றியத்தில் பி.டி.ஓ. இருவர் இருப்பார்கள். வட்டார ஊராட்சிக்கான பி.டி.ஓ.வுக்கு அனுப்பினால் தபால் மேசை மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்கவும் வழி உண்டு. சுற்றறிக்கையில் வரும் கட்டாயப் பொருள்களே பத்துப் பதினைந்து இருக்கும். டெங்குத் தடுப்பு, நெகிழி ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, அந்தந்தப் பருவத்தின் அரசுத் திட்டங்கள் என்று போகும். ஊர்ப் பிரச்சினை 'இதர பொருள்கள்' என்ற கடைசி வரியில் ஒதுங்கும். அது வரும்போது மணி ஒன்று, பசி நேரம். கூட்டத்துக்கு முன்பே, ஏழு நாள் அறிவிப்பு வருவதற்கும் முன்னால், எழுத்தில் கொடுத்துத் தனிப் பொருளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து பேர் கையெழுத்துப் போட்டிருந்தால் மறுப்பது கடினம். நகலில் ஊராட்சி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டுக்கு அடுத்து இந்தச் சேவையில் நல்ல சரக்கு என்று சொல்லத்தக்கது படிவம் 30. வரவு செலவுச் சுருக்கத்தை இந்தப் படிவத்தில் சபையின் பார்வைக்கு வைக்க வேண்டும், பிளெக்ஸ் பேனராகவும் மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். உள்ளாட்சி பற்றிய மேடைப் பேச்சு எதுவும் உத்திரமேரூரைத் தொடாமல் முடிவதில்லை. பராந்தக சோழன் காலத்துக் குடவோலையைப் பெருமையாகச் சொல்வார்கள். அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியில்லை என்று எழுதியிருப்பதை மட்டும் மேடையில் யாரும் எடுப்பதில்லை. படிவம் 30-இன் பிளெக்ஸும் பல ஊர்களில் பந்தலின் பின்பக்கம்தான் கட்டப்படுகிறது. எழுத்தும் பொடி எழுத்து. போட்டோ எடுத்து வீட்டில் பெரிதாக்கிப் படிப்பது நல்லது.

படித்தால் என்ன கிடைக்கும்? ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: பிளீச்சிங் பவுடர். மேல்நிலைத் தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது ஊராட்சிகளுக்குச் சொல்லப்படும் அளவு. 30,000 லிட்டர் தொட்டி என்றால் ஒருமுறை நிரப்ப 120 கிராம். நாளுக்கு இரண்டு முறை நிரப்பினால் 240 கிராம், மாதத்துக்கு 7 கிலோ 200 கிராம். 25 கிலோ மூட்டை ஒன்று அந்தத் தொட்டிக்கு மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும். கழுவும்போது போடுவது, வடிகாலில் தூவுவது தனி. அதற்கும் ஒரு தோராயம் வைத்துக்கொள்ளலாம். ஊரில் மூன்று தொட்டி இருந்து, கணக்கில் மாதம் 200 கிலோ என்று நின்றால் கேள்வி தானாக வரும். மாறாக, வருடத்துக்கே இரண்டு மூட்டைதான் வாங்கியிருக்கிறார்கள் என்றாலும் அதைச் சிக்கனம் என்று மெச்ச முடியாது. தண்ணீரில் போதுமான மருந்து விழவில்லை என்று பொருள்.

மருந்து விழுந்தும் பலன் இல்லாமல் போவதுண்டு. திறந்த மூட்டையை ஈரமான பம்பு அறையில் வைத்தால் குளோரின் பறந்து வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். தூளை அப்படியே தொட்டியில் கொட்டினால் கட்டியாக அடியில் தங்கும். வாளியில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றி அரை மணியாவது போன பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். சோதிப்பது சுலபம். சுகாதார ஆய்வாளரிடம் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருக்கும். கடைக்கோடி வீட்டுக் குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும், நிறத்தைப் பக்கத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இதைக் கூட்டம் நடக்கும் இடத்திலேயே, எல்லார் கண் முன்னாலும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். அரை மணி நேரப் பேச்சைவிட அந்த மஞ்சள் நிறம் நன்றாகப் பேசும். தொட்டியை மாதம் இருமுறை, 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கழுவ வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. தொட்டித் தூணில் கழுவிய தேதியைப் பெயின்டில் எழுதி வைத்திருப்பார்கள். பெயின்ட் எப்போதிலிருந்து மாறவில்லை என்று பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள்.

மோட்டார் ரீவைண்டிங் என்ற வரியும் இதே மாதிரி. ஒரே மோட்டார் வருடத்தில் மூன்று முறை காயில் எரிந்தது என்று செலவு இருந்தால், ஒன்று பில் பொய், இல்லையென்றால் கோளாறு மோட்டாரில் இல்லை. மூன்று பேஸில் ஒன்று போனாலும் மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் வேலை செய்யாமல் பேனல் போர்டில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ரீவைண்டிங்குக்குத் திரும்பத் திரும்பச் செலவழிப்பதை விட்டு அதை முதலில் மாற்றச் சொல்லித் தீர்மானம் போடலாம்.

'நிதி இல்லை' என்பது சபையில் அதிகம் கேட்கும் பதில். பல நேரம் உண்மையும்கூட. ஆனால் எந்த நிதி இல்லை என்று கேட்க வேண்டும். ஊராட்சிப் பணம் ஒரே பையில் இருப்பதில்லை. வீட்டு வரி, தொழில் வரி, மாநில மானியம் வந்து சேரும் பொது நிதி முதல் கணக்கு. மின்கட்டணமும் கூட்டுக் குடிநீர்க் கட்டணமும் கட்ட இரண்டாம் கணக்கு. திட்டப் பணத்துக்கு மூன்றாவது. இதுபோக மத்திய நிதிக்குழு மானியம். 15-ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் அந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைக்கப்பட்டது, ஆளுக்குப் பாதி. ஆபீசில் டைட் கிராண்ட் என்பார்கள். மீதி 40 விழுக்காடு ஊர்த் தேவைக்கு. சிமென்ட் சாலைக்கு நிதி இல்லை என்பது சரியாக இருக்கலாம், அதே மூச்சில் குடிநீர்க் குழாய்க்கும் இல்லை என்றால் டைட் கிராண்டில் இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஆண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் ஏற்கப்பட்ட திட்டப் பட்டியல் வரும். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு விசித்திரமாக இருக்கும், இரண்டு மூன்று விதமாகத் தேட வேண்டிவரும். மாநில நிதியில் நடந்த வேலைகளை அங்கே தேடி ஏமாற வேண்டாம், அவை படிவம் 30-இல்தான்.

சேவையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தெருவிளக்கு, குடிநீர், வடிகால், ஊராட்சிச் சாலை, குப்பை ஆகியவை சபையின் கைக்குள் இருப்பவை. பட்டா, ரேஷன் அட்டை, டிரான்ஸ்பார்மர், பேருந்து வெளியே. அவற்றில் தீர்மானம் போட்டால் அது கோரிக்கைக் கடிதம்தான். பல கூட்டங்களில் மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் பட்டாவுக்குப் போய்விடுகிறது, தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர் யாரும் பந்தலில் இருப்பதில்லை.

பெரிய திட்டங்களில் இன்னும் சிக்கல். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை 2022-லிருந்து மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டது, திட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. மதுரை அரிட்டாபட்டிப் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஒடிசாவின் நியம்கிரியில் மட்டும் கதை வேறு. 2013-இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடமே விட்டது, பன்னிரண்டு சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே பின்னால் நின்றது வன உரிமைச் சட்டம். அப்படி ஒரு சட்டத்தின் பலம் இல்லாத இடத்தில் தீர்மானம் ஒரு சாட்சிப் பத்திரம். அது வீண் என்று சொல்ல மாட்டோம், அதுவே தீர்ப்பு என்று நம்பிப் போகவும் வேண்டாம்.

மாற்றுச் சேவைகளோடு ஒப்பிட்டால்: முதலமைச்சரின் உதவி மையம் 1100, ஊரகத்துக்கென்றே 2023-இல் வந்த ஊராட்சி மணி 155340, 2025-இல் நடந்த 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள். தனி ஆளின் குறைக்கு இவை வேகம். மனு எண் கிடைக்கும், நிலையைப் போனிலேயே பார்க்கலாம். ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியதில்லை, 155340-க்குப் பேசினால் போதும். ஆனால் அவை உங்களை மனுதாரராக மட்டுமே பார்க்கும். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், யாருக்கு வீடு, போன வருடப் பணம் எங்கே என்ற கேள்விகளுக்கு அந்த எண்களில் பதில் இல்லை. நகரத்தாருக்கு இதற்கு நேரானது பகுதி சபை. 2022-இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-இல் பல நகரங்களில் கூடியது. கவுன்சிலரின் அக்கறையைப் பொறுத்து வார்டுக்கு வார்டு தரம் மாறுகிறது. சென்னைக்காரர்கள் பலருக்குத் தங்கள் பகுதி சபை எது என்றே தெரியாது. அதை மதிப்பிட இன்னும் சரக்கு சேரவில்லை.

தேர்தல் இல்லாத காலத்தில் சபை எப்படி? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. 2016 அக்டோபருக்குப் பிறகும் மூன்று வருடம் இப்படித்தான். கூட்டம் நிற்காது, கேட்பவரும் பதில் சொல்பவரும்தான் மாறுவார்கள். தனி அலுவலர் பல ஊராட்சிகளை ஒன்றாகப் பார்ப்பவர், ஊரில் ஓட்டுக் கேட்டு வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஒரு சின்ன லாபம் உண்டு: ஊர்ப்பகை, பங்காளிச் சண்டை இதெல்லாம் மேசையில் இருக்காது, எழுதச் சொன்னால் எழுதுவார். அந்தக் காலத்தில் நேரடியாகத் தீர்மான நகலைக் கேட்டுப் பழகிக்கொண்ட ஊர்கள், தலைவர் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

கூட்டம் முடிந்த பின் செய்ய வேண்டியது இது. பத்துப் பதினைந்து நாள் கழித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் ஒரு விண்ணப்பம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 'தங்கள் ஊராட்சி கிராம சபையின் கடந்த கூட்டத்து விவரங்களைத் தரவும்' என்று எழுதினால் சுற்றறிக்கையின் நகலை அனுப்பி முடித்துவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இன்ன தேதியில் நடந்த கிராம சபையின் தீர்மானப் பதிவேட்டில் முதல் பக்கத்திலிருந்து தலைவர் கையெழுத்துப் பக்கம் வரை நகல், அதே நாளின் வருகைப் பதிவேட்டின் நகல், அன்று வைக்கப்பட்ட படிவம் 30-இன் நகல், பற்றாளர் கொடுத்த அறிக்கையின் நகல். நான்கும் தனித்தனி வரியில். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

வந்த நகலில் நீங்கள் பேசியது இல்லையென்றால், அடுத்த கூட்டத்தின் முதல் பொருளுக்குக் காத்திருங்கள். 'முந்தைய தீர்மானங்களின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை' என்று அது வரும். அந்த இடத்தில் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்க எண்ணைச் சொல்லி, விடுபட்டதைப் பதிவு செய்யக் கேளுங்கள். பற்றாளர் பந்தலை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும்.